ஆறே காலுக்கு ஒரு தும்மல்

ஸ்பீக்கருக்குள் இருந்த வில்லு தும்மியபோது, மேசையில் இருந்த வில்லு ஒரு கொலையைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று.

வயலின் குடும்பத்தில் நான்காவது தலைமுறை அவள். நாலு வயதில் வில்லைப் பிடித்தவளுக்கு அதுவே பெயராகவும் நிலைத்துவிட்டது. ஆனால் மூன்று வருடமாக, மாலை ஆறு முதல் எட்டு வரை, அவள் அறையில் சாதகம் செய்வது ஸ்பீக்கர்தான். என்றோ வாசித்ததைப் பதிவு செய்து தினமும் ஓடவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு நாவல் எழுதுவாள். முதல் நாவலைப் புனைபெயரில் போட்டிக்கு அனுப்பியாயிற்று. இது இரண்டாவது. அந்த ஸ்பீக்கர் ஒருநாள்கூடச் சார்ஜ் இல்லாமல் நின்றதில்லை. நல்ல கம்பெனிச் சரக்கு என்று பெருமைப்பட்டுக்கொள்வாள்.

கதவுக்கு வெளியே அம்மாவின் குரல் கேட்டது. "ஏண்டி, தினம் ஆறே காலுக்குக் கரெக்டா தும்முற. பக்கத்து ரூம்ல உங்கப்பா ஏழு மணிக்கு இருமுறாரு. இந்த வீட்ல நான் ஒருத்திதான் ஆரோக்கியமா இருக்கேனா?"

பக்கத்து அறையில் அப்பாவின் வயலின் பிசிறில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அறுபத்தெட்டு வயதிலும் மனுஷர் ஒரு சுரம் தப்பமாட்டார். மகள் வயலினைத் தொடுவதே இல்லை என்று தெரிந்தால் அந்த மனசு உடைந்துபோகும். வில்லு பயந்தது அதற்குத்தான்.

"தூசிம்மா," என்றாள்.

அப்படிச் சொன்னது தப்பு. மறுநாள் அறை முழுக்கக் கழுவிவிடப்பட்டது. அப்படியும் ஆறே காலுக்குத் தும்மல் வந்ததால் மாத்திரை வந்தது. அம்மா எதிரில் நின்று விழுங்க வைத்தாள். அந்த மயக்கத்தில் நாவலின் கொலைகாரனே தூங்கிப்போனான்.

வேறு வழியில்லாமல், தும்மல் இல்லாமல் புதிதாக ஒன்றைப் பதிவு செய்தாள். மாத்திரையிலிருந்து தப்பித்த சந்தோஷம் விரலில் இறங்கியதோ என்னவோ, வாசிப்பு பிரமாதமாக அமைந்துவிட்டது. அப்பாவிடம் இருபது வருடமாகக் கற்றுக்கொண்டிருக்கும் தபால் ஆபீஸ் சிஷ்யர், நடையில் நின்று அதை ஆறு நாள் கேட்டார்.

"ஆறு நாளும் அதே சுத்தம்," என்றார் ஏழாவது நாள். "இதை ரூமுக்குள்ள பூட்டி வெக்கிறது பாவம். ஞாயித்துக்கிழமை நாலரைக்கு உங்க கச்சேரி. டவுன் ஹால்ல கீழ்த்தளத்தைச் சொல்லிட்டேன்."

வில்லு அன்றே அபஸ்வரமாக வாசித்து அதை ஓடவிட்டாள். கேட்டால் பூனைகூட ஓடிவிடும். சிஷ்யர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"புதுசா ஒரு பாணி பிடிச்சிருக்கீங்க. எனக்கே சந்தேகம் வந்து அப்பாகிட்டக் கேட்டேன். நல்லாத்தான் இருக்குன்னுட்டாரு."

அப்பாவா அப்படிச் சொன்னார்? வயதாகிவிட்டது, காது மந்தமாகிவிட்டது பாவம் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் கடிதம் வந்தது. அவள் நாவலுக்கு முதல் பரிசு. ஞாயிறு மாலை ஆறு மணிக்கு, அதே டவுன் ஹால் மாடியில் விழா. எழுதியவர் நேரில் வராவிட்டால் பரிசு அடுத்த இடத்துக்காரருக்குப் போய்விடுமாம்.

மூன்று வருட எழுத்து ஒரு பக்கம், நாலு தலைமுறை வயலின் மறுபக்கம். கச்சேரியைத் தள்ளிப்போடச் சொல்லலாமென்று அப்பாவிடம் போனாள். அவர் முந்திக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரு வேலை வந்திருச்சும்மா. கச்சேரிக்கு வர முடியாது. நீ நல்லா வாசி. கோச்சுக்காதே."

தள்ளிப்போடும் பேச்சை எடுக்காமலே அறைக்குத் திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிரம்பியிருந்தது. இரண்டு மணி நேரக் கச்சேரியை ஒன்றரை மணி நேரத்தில் முடித்தாக வேண்டும். மூன்று வருடமாகப் பேனா பிடித்த கை வேறு. வில்லு தனக்குத் தெரிந்த ஒரே வழியில் போனாள். ஒவ்வொரு உருப்படியையும் கதையாக நடத்தினாள். முதலில் ஒரு சந்தேகம், நடுவில் ஒரு துரத்தல், கடைசியில் ஆள் பிடிபட்டான். முடித்தபோது ஹாலே எழுந்து நின்றது. சிஷ்யர் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். இவ்வளவு நாள் கழித்து வயலின் தன்னை மன்னித்துவிட்டது என்று அவளுக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை.

வயலினும் கையுமாக இரண்டிரண்டு படியாகத் தாவினாள். மேலே அவளுடைய புனைபெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மூச்சு வாங்க மேடையேறிக் கேடயத்தை வாங்கினாள். இன்னொரு முறை கைதட்டல். ஒரே மாலையில் இரண்டு ஜெயம்.

நிமிர்ந்து பார்த்தால் மூன்றாவது வரிசையில் அப்பா. பக்கத்தில், சற்றுமுன்வரை கீழே இருந்த அம்மா.

கையும் களவுமாக மாட்டிக்கொண்டாயிற்று. இறங்கி நேரே அவரிடம் போனாள்.

"அப்பா, மூணு வருஷமா ரூம்ல வாசிச்சது நான் இல்ல, ஸ்பீக்கர். நான் எழுதிட்டிருந்தேன். ஆனா இப்பக் கீழே வாசிச்சது நான்தான். என்ன வேணா திட்டுங்க."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். அம்மாவைப் பார்த்தார்.

அம்மா சொன்னாள்: "அவர் எந்த வாயால திட்டுவாரு? ரெண்டாவது பரிசு வாங்க வந்து உக்காந்திருக்காரு. இருமுற ஸ்பீக்கர், தும்முற ஸ்பீக்கர், ரெண்டுக்கும் மூணு வருஷமா சார்ஜ் போட்டு வெக்கிறவ நான்."