நாளுக்குப் பன்னிரண்டு கிராம்

மூன்றாம் நாள் காலையிலும் பூனைக்குட்டி எழுந்து நிற்கவில்லை. எடை மட்டும் பதினான்கு கிராம் கூடியிருந்தது.

"அதெப்படி மேடம்?" என்றார் கடிதம் பிரிக்கிறவர். "சுருண்டு கிடக்குது. கண்ணைக்கூட முழுசாத் திறக்கலை. இதுல எடை வேற ஏறுதா?"

"தராசு பொய் சொல்லுமா?" என்றார் பார்சல் கவுன்டர் அம்மாள்.

அந்தத் தபால் நிலையத்தில் இந்தக் கேள்விக்கு மறுபேச்சு கிடையாது. அவர் அங்கே எடை போட உட்கார்ந்து இருபத்துமூன்று வருடம் ஆகிறது. ஒரு கிராம் கூடிவிட்டால் போதும், "நூலைக் கொஞ்சம் வெட்டிட்டு வாங்க" என்று ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவார். முதுகுக்குப் பின்னால் அவரைக் கிராம் மேடம் என்று அழைத்து, அழைத்து, பிறகு முகத்துக்கு நேரேயும் அதுவே நிலைத்துவிட்டது. அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

குட்டி வந்த கதை அவ்வளவு நல்ல கதை அல்ல. தபால் வேன் பின்னோக்கி நகர்ந்தபோது தாய்ப்பூனை சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. இறங்கிப் பார்த்த டிரைவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சாக்குகளுக்கு இடையிலிருந்து ஒரு மாதக் குட்டி ஒன்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வந்தது.

"இதையாவது காப்பாத்திடணும்க்கா. இதுவும் போச்சுன்னா நான் இனிமே வண்டியைத் தொட மாட்டேன்" என்றார் டிரைவர்.

"எழுந்திரிங்க. இது என் பொறுப்பு" என்றார் கிராம் மேடம். அவர் வாழ்க்கையில் எதையும் எடை போடாமல் சொன்னது அது ஒன்றுதான்.

சொன்ன பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. ஒரு செருப்புப் பெட்டியில் துண்டை மடித்துப் போட்டு, வெறும் பெட்டியை எடை பார்த்து, 290 என்று பக்கவாட்டில் சிவப்பு மையில் எழுதினார். குட்டியைப் பெட்டியோடு தராசில் வைத்து அதைக் கழித்தார். நானூற்றுப் பத்து. எல்லோரும் அதற்குப் பார்சல் என்று பெயர் வைத்தார்கள்.

பிராணிகள் கடையில் ஒரு அச்சடித்த தாள் கொடுத்திருந்தார்கள். தினம் ஐந்து வேளை புட்டிப்பால். குட்டி சராசரியாக நாளுக்குப் பன்னிரண்டு கிராம் கூட வேண்டும். அப்படிக் கூடினால் ஒரு வேளைப் பாலைக் குறைத்து, கரைத்த தீனியைத் தட்டில் பழக்கலாம். கிராம் மேடத்துக்குத் தாள் மிகவும் பிடித்துவிட்டது. இரண்டாம் நாள் பன்னிரண்டு கூடியது, ஒரு புட்டி போயிற்று. மூன்றாம் நாள் பதினான்கு. இன்னொரு புட்டி போயிற்று.

"குளிருதோ என்னவோ" என்றார் டிரைவர். முதல் நாள் ஒன்று, மறுநாள் இன்னொன்று என்று தன் கைக்குட்டைகளை விரித்துக் கொடுத்தவர், இப்போது தலையிலிருந்த கம்பளிக் குல்லாவைக் கழற்றிப் பெட்டிக்குள் செருகினார்.

நான்காம் நாள் முப்பத்தெட்டு கிராம் கூடியது.

தபால் நிலையமே கை தட்டியது. போஸ்ட்மாஸ்டர் தன் அறையிலிருந்து எழுந்து வந்தார். அவர் அப்படி எழுந்து வருவதே அபூர்வம். "முப்பத்தெட்டா! ஒரே ராத்திரியிலயா? மேடம், நீங்க கைராசிக்காரங்க." அறிவிப்புப் பலகையில் தபால்தலைக் கண்காட்சி நோட்டீசை நகர்த்திவிட்டு, பார்சலின் எடைக் கோட்டைத் தானே வரைந்து ஒட்டினார். கோடு மாடிப்படி ஏறுவதுபோல் ஏறியது. மூன்றாம் புட்டியும் போயிற்று.

குட்டி தட்டுக்குள் இரண்டு காலை வைத்து, கவிழ்ந்து, கம்பளிக் குல்லா முழுக்கத் தீனியை அப்பிக்கொண்டு தூங்கிப் போனது. தட்டு காலியாக இருந்ததால் சாப்பிட்டது என்றே கணக்கு.

"சாப்பிடுது, எடை ஏறுது, ஆனா உற்சாகம் இல்லை. அப்போ இது மனசுல உள்ள சங்கதி" என்றார் கடிதம் பிரிக்கிறவர். "அம்மாவோட நெஞ்சுத் துடிப்பு கேக்கலை பாருங்க, அதான் ஏங்குது." சொன்னதோடு நிற்காமல், டிக்டிக்கென்று ஓடும் தன் கைக்கடிகாரத்தை ஒரு காலுறைக்குள் போட்டு முடிந்து, குட்டியின் பக்கத்தில் வைத்தார். அன்று முழுவதும் மணி பார்க்க அவர் போஸ்ட்மாஸ்டர் அறைக்குப் போய்ப் போய் வந்ததில், போஸ்ட்மாஸ்டரின் மதியத் தூக்கம்தான் கெட்டது.

ஐந்தாம் நாள் முப்பத்தொன்று கூடியது. நான்காம் புட்டியும் போயிற்று. குட்டி தலையைத் தூக்கவில்லை.

அன்று மாலை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது, கிராம் மேடம் ஒரு விரலை உள்ளே விட்டுக் குட்டியின் முதுகைத் தடவினார். எலும்பு ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது. விரல் ஒன்று சொல்கிறது, தராசு ஒன்று சொல்கிறது. இருபத்துமூன்று வருடமாக அவர் விரலை நம்பியதில்லை. "இது கைக்குக் கனமாத்தாங்க இருக்கு" என்று எத்தனை பேர் அவரிடம் வாதாடியிருக்கிறார்கள்! அவர் அதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டதே கிடையாது. விரலை வெளியே எடுத்துக்கொண்டார். ஆனாலும் வீடு வரும்வரை அவர் மனம் ஒரு நிலையில் இல்லை.

ஆறாம் நாள் காலை, முந்தைய மாலை போஸ்ட்மாஸ்டர் தன் மஃப்ளரால் சுற்றிவிட்டிருந்த குட்டி, சுற்றிய மாதிரியே கிடந்தது. தராசு இருபத்தேழு கூடுதல் என்றது. தாளின்படி இனிப் புட்டியே தேவையில்லை.

கிராம் மேடம் 'பால் நிறுத்தம்' என்று எழுதப் பேனாவை எடுத்தார். குட்டி வாயைத் திறந்தது. கத்தத்தான் திறந்தது, சத்தம் வரவில்லை.

கவுன்டரில் ஒன்பது பேர் நின்றிருந்தார்கள். மேடம் அவர்கள் முகத்துக்கு நேரே 'மூடப்பட்டுள்ளது' பலகையை வைத்துவிட்டு எழுந்தார். இருபத்துமூன்று வருடத்தில் முதல் தடவை.

"என்னம்மா இது, இப்பத்தானே திறந்தீங்க?"

"நாளைக்கு வாங்க" என்று சொல்லும்போதே அவர் குரல் உடைந்துவிட்டது. வரிசையில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள்.

அறிவிப்புப் பலகையிலிருந்த எடைக் கோட்டை மேடம் பிய்த்துக்கொண்டு வர, டிரைவர் வண்டியை எடுத்தார். கால்நடை மருத்துவமனை வாசலில், "அக்கா, பொழைச்சுக்குமா?" என்று கேட்டார். கிராம் மேடம் பெட்டியை அணைத்துக்கொண்டு உள்ளே ஓடினார்.

டாக்டர் ஏதோ அறுவை சிகிச்சையில் இருந்தார். நர்ஸ்தான் குட்டியை ஒரு கையால் அள்ளித் தராசில் வைத்தார்.

"முந்நூத்தி எண்பத்தெட்டு."

"இருக்காது" என்றார் கிராம் மேடம். "ஐந்நூத்தி முப்பத்திரெண்டு. காலையிலதான் போட்டேன். உங்க மெஷினைச் சரிபார்த்து எத்தனை நாளாச்சு?"

நர்ஸ் அதற்குள் குட்டியை வெதுவெதுப்பான துணியில் சுற்றினார். ஈறில் குளுக்கோஸ் தடவினார். கொஞ்சம் சூடு ஏறியதும் புட்டியை வாயருகே கொண்டுபோனார். குட்டி முதலில் அதை முகர்ந்து பார்த்தது. பிறகு இரண்டு முன்னங்கால்களாலும் புட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, காது ஆட ஆட உறிஞ்ச ஆரம்பித்தது. டிரைவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கிராம் மேடம் திரும்பவில்லை. எல்லோரும் பார்க்கவே அழுதார்.

"எத்தனை வேளை பால் குடுக்குறீங்க?" என்றார் நர்ஸ்.

"நேத்து ஒரு வேளை. இன்னிக்கு நிறுத்தணும். தாள்ல அப்படித்தான் போட்டிருக்கு, எடை ஏறினா குறைக்கணும்னு. ஏறுச்சே! ஒரு நாள் விடாம ஏறுச்சே!" கிராம் மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போஸ்ட்மாஸ்டர் வரைந்த கோட்டை எடுத்து நீட்டினார்.

"பெட்டியோடவா எடை போட்டீங்க?"

"பெட்டியைக் கழிச்சுட்டுத்தான். கழிக்காம நான் ஒரு பார்சலும் போட்டதில்லை."

"பெட்டியை எப்போ எடை பார்த்தீங்க?"

"முதல் நாள்."

நர்ஸ் பெட்டிக்குள் கையை விட்டார். ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்துக்கொண்டே போனார். தீனி ஊறி விறைத்துப்போன குல்லாவைத் தூக்கிப் பார்த்தார். காலுறையைக் காதருகே வைத்துக் கேட்டார். பிறகு சுவரில் மாட்டக்கூடிய அளவுக்கு அழகாக இருந்த அந்தக் கோட்டை இன்னொரு முறை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எடை ஏறினது வாஸ்தவம்தாம்மா. ஆறு நாளா நீங்கல்லாம் சேர்ந்து வளர்த்தது இந்தப் பெட்டியைத்தான்."