ஜன்னலுக்கு அளவெடுத்த கூலர்

தீக்குச்சி ஏழாவது தடவையும் பற்றவில்லை. மருந்து மட்டும் பிசுபிசுவென்று பெட்டியில் ஒட்டிக்கொண்டது.

"என்னங்க, இந்தத் தீப்பெட்டியும் நமுத்துப் போச்சு," என்று ஹஃபீசா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"மழைக்காலத்துல அப்படித்தான் இருக்கும்," என்றான் ஜமால், படுக்கையறையிலிருந்து.

அது மே மாதம். சிட்லபாக்கத்தில் மழை என்று ஒன்று பெய்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆனால் ஜமால் போன வாரம் தன் கையாலேயே செய்து மாட்டிய கூலரின் மீது குற்றம் சொல்ல அவனுக்கு நாக்கு வரவில்லை.

ஒன்பது வருஷமாக ரியாத்தில் மெக்கானிக் அவன். ஏசியும் பழுது பார்ப்பான்; ஆனால் மரியாதையெல்லாம் கூலருக்குத்தான். "ஏசி ஒரு சோம்பேறிப் பொட்டி. கூலர்தான் உழைச்சு சாப்பிடற சாமான்," என்பான். வெள்ளிக்கிழமை தவறாமல் போனில் மனைவியிடம் சொல்லும் வசனமும் ஒன்றுதான். "நான் வந்து என் கையால நம்ம வூட்டைக் குளுகுளுன்னு ஆக்கறேன். அதுவரைக்கும் பொறுத்துக்கோ."

இப்போது இரண்டு மாத லீவில் வந்திருக்கிறான். கூலர் வீட்டைக் குளிர வைத்துவிட்டால் ரியாத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தாம்பரத்தில் கூலர் கடை. இல்லாவிட்டால் முப்பதாம் தேதி விமானம். ஹஃபீசாவுக்கு இது தெரியும். அதனால்தான் கூலரின் ஸ்விட்சைப் போட்ட முதல் நிமிடமே, நெற்றி வேர்வை மூக்கு நுனியில் சொட்ட, "சில்லுனு இருக்குங்க!" என்றாள்.

கூலரை மாட்டிய அன்றே ஜமாலுக்கு ஒரு நல்ல சகுனம் தென்பட்டிருந்தது. படுக்கையறை ஜன்னலின் கீழ்ப் பாதியில் யாரோ பிளைவுட் அடித்து வைத்திருந்தார்கள். அதைப் பெயர்த்துவிட்டுக் கூலரைத் தள்ளினால், அளவெடுத்து வெட்டியது போல் கச்சிதமாக உட்கார்ந்தது. பக்கத்திலேயே பெரிய பதினைந்து ஆம்பியர் பிளக் வேறு.

"இன்னா ஹஃபீசா, இவ்ளோ பெரிய பிளக் இங்க எதுக்கு?"

"அது... கிரைண்டருக்கு."

"பெட்ரூம்லயா?"

"தனியா சமையல் ரூம்ல உக்காந்து அரைக்க ஒரு மாதிரியா இருந்துச்சு. அதான்."

ஜமால் நெகிழ்ந்து போனான். பாவம், தான் இல்லாத வீட்டில் படுக்கையறையில் உட்கார்ந்து மாவரைத்திருக்கிறாள்! இதற்காகவாவது இந்த வீட்டைக் குளிர வைத்தே தீருவது என்று முடிவு செய்தான்.

காற்றில் குளிர்ச்சி போதவில்லை என்று தோன்றியதால் மோட்டாரை மாற்றி, தண்ணீர் இரண்டு மடங்கு வேகமாக ஓடும்படி செய்தான். மறுநாள் உப்பு ஜாடியில் உப்பைக் காணோம், குழம்பு மாதிரி ஏதோ இருந்தது. கூலர் தட்டிகளில் இருந்த வைக்கோலை எடுத்துவிட்டு வெட்டிவேர் வைத்தான். வீடு மணத்தது, முறுக்கு வளைந்தது. சரி, தண்ணீரே சூடாக இருப்பதுதான் கோளாறு என்று கண்டுபிடித்து, ஐஸ் பாரை வாங்கி வந்து தொட்டிக்குள் போட்டான். சுவரெல்லாம் வேர்த்தது. தினக் காலண்டர் கிழிக்காமலேயே நாலு தேதிகளைத் தானாக உதிர்த்தது.

"இன்னிக்கு எப்படி கீது?"

"நடுங்குதுங்க," என்றாள் ஹஃபீசா, முந்தானையைப் பிழிந்தபடி.

அவளுக்கு ஒரே ஆறுதல் பக்கத்து வீட்டு பாலாம்பாள் மாமிதான். தினமும் மத்தியானம் சரியாக இரண்டு மணிக்கு எம்பிராய்டரி கற்றுக்கொள்ள அங்கே போவாள். நாலு மணிக்கு முகமெல்லாம் உலர்ந்து, பளிச்சென்று திரும்பி வருவாள். இரண்டு வாரத்தில் அவள் போட்டு முடித்திருந்தது ஒரு ரோஜாவின் ஒன்றரை இதழ்.

புதன்கிழமை காலையில்தான் விபரீதம் நடந்தது. கூலரைத் துடைக்கப் போன ஜமால் படுக்கையறைக் கதவைச் சாத்தினான். ஈரத்தில் ஊறி உப்பியிருந்த கதவு நிலையோடு கவ்விக்கொண்டுவிட்டது. உள்ளிருந்து இழுத்தான், வெளியிலிருந்து ஹஃபீசா தள்ளினாள். கதவு அசையவில்லை. அவள் ஓடிப்போய் மாமியின் கணவர் பத்ரிநாராயணனை அழைத்து வந்தாள்.

பத்ரிநாராயணன் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துபவர். ஊரே சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கும் வெயிலில், அவர் மட்டும் கழுத்தில் மஃப்ளர் சுற்றியிருந்தார்.

"ஹச்! பாய், உள்ள பத்திரமா இருக்கேளா?"

"இருக்கேன் சார். தும்மல் இன்னா, இந்த வெயில்ல?"

"ஒரு மாசமா ஜலதோஷம்," என்று பத்ரிநாராயணன் ஹஃபீசாவைப் பார்த்தார். ஹஃபீசா கூரையைப் பார்த்தாள்.

"சார், ரியாத்ல நாப்பத்தஞ்சு டிகிரி வெயிலையே இதே மாதிரி கூலர் அடக்கிச்சு. இங்க முப்பத்தெட்டுக்கு ஏன் சார் கேக்க மாட்டேங்குது?"

பூகோள வாத்தியாரிடம் கேட்கக் கூடாத கேள்வி. அவர் கதவைத் தள்ளுவதை நிறுத்திவிட்டுப் பாடம் நடத்த ஆரம்பித்தார்.

"ரியாத்ல காத்து தாகத்தோட அலையறது பாய். உங்க கூலர் நீட்டற தண்ணியை மடக் மடக்னு குடிக்கும். குடிக்கறச்சே சூட்டையும் சேர்த்து எடுத்துண்டு போயிடும். நம்ம ஊர் அப்படியா? கிழக்கே கூப்பிடு தூரத்துல சமுத்திரம். வெயில் ஏற ஏற அது ஆவியா கிளம்பிண்டே இருக்கு. இங்க வர்ற காத்து வயிறு முட்டக் குடிச்சுட்டுத்தான் வர்றது. அதுங்கிட்ட இன்னொரு டம்ளரை நீட்டினா எங்க குடிக்கும்? நம்ம தலையிலதான் கொட்டும். நம்ம வேர்வையே காயாத ஊர்ல கூலர் என்ன பண்ணும், பாவம்? ஹச்!"

உள்ளே கூலர் நிறுத்தப்படும் ஓசை கேட்டது. இருவரும் தோளைக் கொடுத்துத் தள்ள, கதவு திறந்தது. தொப்பலாக நனைந்து நின்றான் ஜமால். பத்ரிநாராயணன் நாசூக்காக நழுவிவிட்டார்.

"நீ சில்லுனு இருக்குன்னியே, ஹஃபீசா?"

"நீங்க பக்கத்துல இருந்தீங்கள்ல. சில்லுனுதான் இருந்துச்சு."

ஜமாலுக்குக் கண் கலங்கியது. ஒன்பது வருஷத்தில் யாரும் அவனிடம் இப்படி ஒரு பொய்யைச் சொன்னதில்லை. ஆனால் பொய்யை நம்பிக் கடை வைக்க முடியாது. கூலரை ஜன்னலிலிருந்து கழற்றி மூலையில் வைத்தான். பரண் மேலிருந்த பெட்டியை இறக்கினான். அதன் மேலும் பூஞ்சைக் காளான் படர்ந்திருந்தது.

"என் கைத்தொழிலுக்கு இந்த ஊர்ல வேலை இல்ல. முப்பதாம் தேதி கிளம்பறேன்."

ஹஃபீசா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். அழுகைதான் வந்தது.

அந்த நேரம் பார்த்து பாலாம்பாள் மாமி கையில் ஒரு வாளித் தண்ணீரோடு உள்ளே நுழைந்தாள்.

"பாய், உங்களுக்கு ஏசி பார்க்கத் தெரியுமாமே? எங்காத்துக்காரர் இப்பத்தான் சொன்னார். ரெண்டு நாளா எங்காத்துல தண்ணியா கொட்டறது, பாருங்கோ. இந்தக் காலனியில இன்னும் பத்து ஏசி இப்படித்தான் கிடக்கு, பார்க்க ஒரு ஆள் இல்லை. எல்லாரும் தவிச்சுப் போறா."

"ரியாத்ல சம்பளத்துக்காகத் தொட்டதோட சரி. இங்க ஏசின்னா நான் கையால தொடறதில்ல மாமி," என்றான் ஜமால், பெட்டியைத் துடைத்துக்கொண்டே.

அவன் முதுகுக்குப் பின்னால் ஹஃபீசா இரண்டு கைகளையும் ஆட்டி வேண்டாம், வேண்டாம் என்று சைகை காட்டினாள். மாமி கவனிக்கவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"நன்னாருக்கு பாய்! 'அவர் மனசு நோகக் கூடாது மாமி, நீங்களே வெச்சுக்கோங்க'ன்னு உங்காத்துக்காரி இதே ஜன்னல்லேர்ந்து கழட்டி எங்காத்துக்கு அனுப்பின ஏசியை, வேற யார் வந்து தொடுவா?"