மூன்று சுழி ணகரம் பற்றி ஒரு முறைப்பாடு

பலாபத்வல,
மாத்தளை.

பெருமதிப்புக்குரிய பத்திராசிரியர் அவர்கட்கு,

முத்துமாரி அருளால் நாங்கள் இவ்விடம் சுகம். தாங்களும், தங்கள் இல்லத்தாரும், தங்கள் வாரப் பத்திரிகையில் பிழை திருத்துபவர் என்று ஒருவர் இருந்தால் அவரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஞானசுந்தரம். என் மகன் நிருஜனுக்கு மனச்சிதைவு நோய். டவுனில் மிளகு, கறுவா வியாபாரம் செய்யும் முத்தலிப் நானாவின் மகளுக்கும் அதே வருத்தம். நாங்கள் இருவருமாகத் தொடங்கியதுதான் மனநலப் பெற்றோர் சங்கம். நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று: தமிழ் பேசும் உளவளத்துணையாளர் ஒருவர் வேண்டும். மிளகு விற்க எங்கள் சிங்களம் தாராளமாகப் போதும். பிள்ளைக்குக் காதில் குரல் கேட்பதை விளக்கப் போதாது. சுகாதார அதிகாரியோ, "எத்தனை குடும்பம் இருக்கிறதென்று கண்ணால் பார்த்தால்தான் ஆள் தரலாம்" என்றுவிட்டார். அதற்குத்தான் கூட்டம், அதற்குத்தான் உங்களுக்கு விளம்பரம். எங்கள் கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது எப்படிப்பட்ட பாடென்று தாங்கள் அறியமாட்டீர்கள். நல்ல வெயிலில் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு வருவார்கள். தெரிந்தவர் எதிர்ப்பட்டால் மண்டபத்தில் பல்ப் மாற்ற வந்ததாகச் சொல்லித் திரும்பிவிடுவார்கள்.

நான் எழுதித் தந்தது இது: "பிள்ளைகளின் மனநலம் பற்றிக் கவலைப்படும் பெற்றோரே, வருக. குறிப்பு இருந்தால் கொண்டுவரவும். இரகசியம் பேணப்படும்." நீங்கள் அச்சிட்டது 'மணநலம்'. குறிப்பு என்று நான் சொன்னது கிளினிக் குறிப்பு, ஐயா! உங்கள் ஒரு சுழியால் அது சாதகக் குறிப்பாகிவிட்டது. பத்திரிகையை முதலில் பார்த்தவன் நிருஜன். "அப்பா, எனக்குப் பொண்ணு பாக்குறீங்களா? சொல்லவே இல்லியே!" என்று விழுந்து விழுந்து சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து எவ்வளவோ காலமாகிவிட்டது. எனக்குச் சந்தோஷம்தான். அதற்காக உங்களை மன்னித்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம்.

கூட்டத்தன்று முத்தலிப் நானா போனில் கத்தினார்: "சேர், ஓடி வாங்க சேர், ஹோல் நெறஞ்சி வழியுது!" விழுந்தடித்துக்கொண்டு போனேன். பட்டுச்சேலையும் மல்லிகைப்பூவுமாக மண்டபம் மணக்கிறது. ஒருவர் வெற்றிலைத் தட்டோடு வந்திருக்கிறார். கல்யாணத் தரகர் ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, "மாப்பிள்ளைமாருங்க எந்தப் பக்கம் சேர்?" என்கிறார். வாயைத் திறந்து விளக்குவதற்குள் அதிகாரி வந்துவிட்டார். கூட்டத்தைப் பார்த்ததும் மனிதருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. எல்கடுவ தோட்டத்திலிருந்து வந்த லெட்சுமணன் என்பவரிடம் நேரே போய், மகளுக்கு என்ன வருத்தம் என்று கேட்டார். நான்தான் மொழிபெயர்ப்பு.

"செவ்வா தோசங்க."

எவ்வளவு காலமாக?

"பொறந்ததில இருந்தே."

சிகிச்சை எடுத்தீர்களா?

"பரிகாரமெல்லாம் செஞ்சோம்ங்க. ஒண்ணும் சரி வரல்ல."

செவ்வாய் தோஷத்தைச் சிங்களத்தில் 'பிறவியிலேயே உள்ள கோளாறு' என்றேன். முழுப் பொய்யில்லை. அதிகாரி உச்சுக்கொட்டினார். ஆனால் எனக்கு மனச்சாட்சி உறுத்தியது. எழுந்து நின்று, "இது கல்யாணக் கூட்டமில்லை. என் மகனுக்கு மனநோய். இங்கே சிலருடைய பிள்ளைகளுக்கும் அப்படித்தான். அப்படிப் பிள்ளை வீட்டில் இல்லாதவர்கள் போகலாம், கோபிக்க வேண்டாம்" என்று இரண்டு மொழியிலும் சொல்லிவிட்டேன். முதலில் தரகர் போனார். பின்னால் வெற்றிலைத் தட்டு போனது. கதிரைகள் இழுபடும் சத்தத்தில் நான் தலையைக் குனிந்துகொண்டேன். எங்களுக்குக் கிடைக்கவிருந்த உளவளத்துணையாளரும் அவர்களோடு வெளியேறுவதாகவே எனக்குத் தோன்றியது.

நிமிர்ந்தால், பாதி மண்டபம் அப்படியே இருக்கிறது. லெட்சுமணன் குறிப்பைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். "எம் மக தனியாப் பேசிக்கிட்டே இருக்குங்க. குளிக்க மாட்டேங்குது. கல்யாணம் கட்டி வெச்சா சரியாயிரும்னு எல்லாரும் சொன்னாங்க. அதான் வந்தேன்." பின்வரிசையில் பட்டுச்சேலை கட்டிய அம்மா ஒருவர், "எங்க வீட்டுலயும் அதேதான்" என்று விம்மினார். முத்தலிப் நானா எல்லாருக்கும் பிளேன்டீ ஊற்றக் கிளம்பினார்.

எனினும் பிழை பிழைதான், ஐயா. அடுத்த இதழின் முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில், திருத்தமும் மன்னிப்பும் வெளியாக வேண்டும். இல்லையேல் பத்திரிகையை நிறுத்திவிடுவேன்.

தாங்களும் தங்கள் குடும்பமும் குறைவின்றி நீடூழி வாழ வேண்டும்.

இங்ஙனம்,
க. ஞானசுந்தரம்

பி.கு.: மேலே கேட்ட திருத்தத்தைத் தயவுசெய்து போட வேண்டாம். அதிகாரி அடுத்த மாதம் தன் மேலதிகாரியையும் அழைத்து வருகிறாராம். மண்டபம் நிறைந்திருந்தால் உளவளத்துணையாளர் நிச்சயமாம். ஆகவே அதே விளம்பரத்தை அதே மூன்று சுழியோடு இன்னொரு முறை போடவும். யாராவது திருத்திவிடாமல் தாங்களே பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளவும். மனநலம் என்றால் சனம் வாசலோடு திரும்பிவிடுகிறது, ஐயா. உள்ளே வந்து உட்காரட்டும். உண்மையை நான் சொல்லிக்கொள்கிறேன்.