பாசிக்கு ஆள் சேர்த்த அண்ணாச்சி

உலகத்தில் ஒரு வகை மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எதையும் நல்லது என்று சொல்ல மாட்டார்கள். கெட்டது என்றும் சொல்ல மாட்டார்கள். முதலில் பொருளைப் பார்ப்பார்கள், பிறகு உங்களைப் பார்ப்பார்கள், உச்சியிலிருந்து கால்விரல் வரைக்கும் கண்ணை ஒருமுறை இறக்கி ஏற்றிவிட்டு, "இது எல்லாருக்கும் புரியாது" என்பார்கள். அவ்வளவுதான். அதுவரை அந்தப் பொருள் இருந்த திசையைக்கூடத் திரும்பிப் பார்க்காத உங்களுக்கு, அது புரிகிற வரைக்கும் சோறு இறங்காது.

இந்த வகையைக் கச்சேரியில் பார்க்கலாம், பட்டுப்புடவைக் கடையில் பார்க்கலாம், வெறும் ரசம் வைத்துவிட்டுப் பெருமையடிக்கிற வீடுகளிலும் பார்க்கலாம். ஆனால் நன்றாக வளர்ந்து முற்றியதைப் பார்க்க வேண்டுமென்றால் திருவனந்தபுரத்துக்கு வர வேண்டும். ஸ்ரீவராகத்தில் ஓவியக்கூடம் வைத்திருக்கிறார் நெல்லையப்பன் அண்ணாச்சி.

முன்பு அவர் பழவங்காடியில் சாமி படங்களுக்குச் சட்டம் போட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் ஒரு சட்டம் கோணலாகிவிட்டது. வாங்க வந்தவர் சண்டைக்கு நின்றார். வேறு வழியில்லாமல் அண்ணாச்சி, "இது புது மாடல், எல்லாருக்கும் புரியாது" என்று சொல்லிவைத்தார். வந்தவர் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு போனார். மறுநாள் மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்து, "இவருக்கும் அதே மாதிரி கோணலா ஒண்ணு" என்றார். அன்றைக்கே அண்ணாச்சி சாமிகளை விட்டுவிட்டுக் கலைக்கு வந்துவிட்டார். காலர் இல்லாத கதர் ஜிப்பா, பால் விடாத காப்பி. படத்திலிருந்து மூன்றடி பின்னால் போய், கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் பார்ப்பார். கழற்றினால் அவருக்கு எதிரில் நிற்கிற ஆளே தெரியாது. அது வேறு விஷயம்.

அவரிடம்தான் ஸ்ரீலட்சுமி போய்ச் சேர்ந்தாள்.

கரமனையில் வீடு, மாடியில் ஒற்றை அறை. அங்கே அவள் வரைவது பாசி. மழைக்காலத்தில் மதில்சுவரில் படருமே, அதேதான். அதற்குள் பூவைத் தேடாதீர்கள், முகத்தைத் தேடாதீர்கள், பாசி மட்டும்தான். முதல் மழையில் முளைத்தது ஒரு பச்சை, மூன்றுநாள் வெயில் பட்டது ஒரு பச்சை, கருத்துக் காய்ந்து உதிரப்போவது வேறு பச்சை என்று அவள் கண்ணுக்கு நாற்பது பச்சை தெரியும். ஒரு வாடகை ஹாலில் படங்களை வைத்தபோது வந்தவர்கள், "இது பிளீச்சிங் பவுடர் போட்டா போயிருமே மோளே" என்று அக்கறையாகச் சொன்னார்கள்.

அப்பா திரவியம் கெடு வைத்துவிட்டார். "விஜயதசமி வரைக்கும் பாப்பேன். ஒருத்தரும் சீந்தலைன்னா மாடி ரூமை வாடகைக்கு விட்டிருவேன். சுவத்துல இருக்கத சுரண்ட நான் ஆள் வைக்கேன், நீ அத துணியில வரஞ்சு வைக்கே!"

அந்த அறையை விட்டால் பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு நிற்க அவளுக்கு வேறு இடமில்லை.

அண்ணாச்சி வந்து பார்த்தார். ஸ்ரீலட்சுமி விரலை மடக்கி மடக்கிப் பச்சைகளைச் சொல்ல ஆரம்பித்தாள். இரண்டு பச்சை வரைக்கும் கேட்டார்.

"இத வேற யாராவது வரையுதாங்களா மக்ளே?"

"இல்ல அண்ணாச்சி. நான் மட்டும்தான்."

"அப்ப ஆகாது. ஒருத்தர் செஞ்சா கிறுக்கு. மூணு பேர் செஞ்சா இயக்கம்."

அண்ணாச்சியின் கூடத்துக்குப் படகு வரைந்துகொண்டிருந்த ஜிபினும் பறவை வரைந்துகொண்டிருந்த ரெம்யாவும் ஒரே வாரத்தில் பாசிக்கு மாறினார்கள். ஜிபினுக்குக் கைப்பழக்கத்தில் பாசிக்குள் ஒரு துடுப்பு வந்துவிட்டது. அண்ணாச்சியே அதைப் பச்சை பூசி மறைத்தார். 'பாசி இயக்கம்' என்று பெயர் வைத்து ஆங்கிலத்தில் ஒரு சிறு புத்தகமும் அச்சடித்தார். ஸ்ரீலட்சுமி அதை இரண்டு தடவை வாசித்தாள்.

"இதுல என்ன சொல்லியிருக்கு அண்ணாச்சி?"

"வாசிச்சதும் வெளங்கிட்டா எவன் மதிப்பான்?"

கண்காட்சித் திறப்பு நாளில் நல்ல கூட்டம். எல்லாரும் படத்தைப் பார்க்குமுன் பக்கத்தில் நிற்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். புதுவீடு கட்டியிருந்த டாக்டர் மகேஷ்குமாரும் அவர் மனைவி ஷிஜாவும் பெரிய படத்தின் முன்னால் நின்றார்கள்.

"அண்ணாச்சி, இது நம்ம ஹாலுக்கு நல்லா இருக்கும்லா?"

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். "வேண்டாம் டாக்டர்."

"ஏன், வித்துப்போச்சா?"

"விக்கல. உங்களுக்கு வேண்டாம்னு சொல்லுதேன். அந்த மூலையில ஒரு சூரியகாந்தி இருக்கு, சோபா கலருக்குச் சேரும். அத எடுத்துக்கிடுங்க. இது எல்லாருக்கும் புரியாது."

ஒன்றாம் வகுப்பிலிருந்து முதல் மார்க் வாங்கியே வளர்ந்த டாக்டரைப் பார்த்து அதுவரை யாரும் இப்படிச் சொன்னதில்லை. காதுமடல் சிவந்துபோனது. ஷிஜா முந்திக்கொண்டாள்.

"எனக்குப் புரியுது கேட்டோ. இது தனிமை அல்லே?"

"தனிமையா!" அண்ணாச்சி துக்கம் விசாரிக்கிறவர் போலத் தலையை ஆட்டினார். "இன்னும் ரெண்டு தடவை வந்து பாருங்கம்மா."

வந்தார்கள். இரண்டாம் தடவை 'காலம்' என்றார்கள். மூன்றாம் தடவை ஒன்றுமே சொல்லாமல் நின்றார்கள். "இப்பத்தான் புரிஞ்சிருக்கு" என்று, பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறவர் போலக் கண்கலங்கிப் படத்தை இறக்கிக் கொடுத்தார் அண்ணாச்சி. மூன்று தடவையும் ஸ்ரீலட்சுமி பக்கத்தில்தான் நின்றாள். பச்சையைப் பற்றி அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை.

டாக்டருக்குப் புரிந்தது வக்கீலுக்குப் புரியாமல் இருக்கலாமா? வக்கீலுக்குப் புரிந்ததை என்ஜினீயர் விட்டுக்கொடுப்பாரா? நவராத்திரி பிறக்குமுன் கூடத்துப் பாசியெல்லாம் விற்றுக் காலி. மதில் சுரண்டி வெள்ளையடிக்கிற லிங்கம், "ஒருத்தரும் சுவத்தத் தொட விடமாட்டேங்காங்க, கேட்டா இயக்கம்னு சொல்லுதாங்க" என்று புலம்பினான். விஜயதசமி அன்று திரவியம் மாடி அறைக்குப் புதுப்பூட்டு வாங்கி மாட்டினார். வந்த சொந்தக்காரர்களைப் படியிலேயே நிறுத்தி, "உள்ள இருக்கது நாலு பேருக்குத்தான் புரியும்" என்றார்.

அறை பிழைத்ததா? அவசரப்படாதீர்கள்.

ஸ்ரீலட்சுமிக்குப் பாசி போதும் என்று தோன்றியது. மழையில் கரமனைப் பாலத்தின் மேல் நின்றுபோன ஒரு பஸ்ஸை வரைந்தாள். ஜன்னலோரம் ஒரு பெண், மடியில் மீன்பை, முகமெல்லாம் சிரிப்பு. அண்ணாச்சி மாடிக்கு வந்து பார்த்தார். பாம்பைப் பார்த்தவர் போலப் பின்வாங்கினார்.

"என்ன மக்ளே இது, எல்லாருக்கும் புரியுதே!"

"பாசி வரையலைன்னா ரூம் எதுக்கு?" என்றார் பின்னால் நின்ற திரவியம். சாவி அவர் கையில் இருந்தது.

ஸ்ரீலட்சுமி பேசிப் பழகாதவள். அப்பா கையிலிருந்த சாவியைப் பார்த்தாள். பிறகு மூன்றடி பின்னால் போனாள். படத்தைப் பார்த்தாள். அண்ணாச்சியை உச்சியிலிருந்து கால்விரல் வரைக்கும் பார்த்தாள்.

"உங்களுக்கு பஸ்ஸுதான் தெரியுதா அண்ணாச்சி?" குரலில் அவ்வளவு இரக்கம். "பரவாயில்ல. நீங்க பாசியோட நிறுத்திக்கிடுங்க. இது உங்களுக்கு வேண்டாம்."

அண்ணாச்சியின் கை தானாகக் கண்ணாடிக்குப் போனது. கழற்றினார். வெகுநேரம் நின்றார்.

"இல்ல மக்ளே... தெரியுது. ஏதோ ஒண்ணு தெரியுது." பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஜிபினுக்கு பஸ் வரைய வருமா?"

திரவியம் சத்தமில்லாமல் சாவியை மகள் கையில் வைத்தார்.

சிரிக்கிறீர்கள். இதை யாருக்காவது வாசிக்கக் கொடுக்கலாம் என்றுகூட நினைத்திருப்பீர்கள். ஒரு பெயர் மனதில் வந்திருக்கும். உடனே, "சே, அவருக்கு இதெல்லாம் புரியாது" என்று அந்தப் பெயரைத் தள்ளியிருப்பீர்கள். கதர் ஜிப்பா ஒன்றுதான் உங்களுக்குக் குறை.