மூன்றாந் தட்டு மணம்

கல்முனை பசாரில் மனிதர்களை முகத்துக்கு நேரே அதிகம் அவமானப்படுத்தியவர் அத்தர் காக்காதான். அவமானப்பட்டவர்கள் நன்றியும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவருடைய அத்தர்க் கடை அலுமாரியில் மூன்று தட்டுகள். முதல் தட்டில் ஊத் முதலான கடும் எண்ணெய்கள். மணம் ஆள் வருவதற்கு முன்பே வந்து சேரும். இரண்டாந் தட்டு ஆளோடு வரும். மூன்றாந் தட்டு, பக்கத்தில் வந்து சலாம் சொல்லிக் கைகொடுத்தால் மட்டும் தெரியும். எந்தத் தட்டு என்பதை வாங்குபவர் தீர்மானிக்க முடியாது. அதற்கு விசாரணை உண்டு. பள்ளியில் எத்தனையாவது வரிசை? பஸ்ஸா, மோட்டார் சைக்கிளா? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா?

கட்டாரிலிருந்து வந்த கட்டடக் கொந்தராத்துக்காரர் ஒருவர் முதல் தட்டைக் கேட்டார்.

“நீங்க கதைக்கிறதே முதலாந் தட்டுலதான் இரிக்கி. மணமும் அப்பிடியெண்டா ஊரு தாங்காது. இந்தாங்க, மூணு.”

மெல்லிய குரல் வாத்தியார் ஒருவருக்கோ முதல் தட்டு. “நீங்க வகுப்புக்குள்ள வந்தது புள்ளைகளுக்குத் தெரியோணுமே.”

இருபது வருடத்தில் ஒரு பிழையும் விட்டதில்லை என்பது அவருடைய சொந்த அறிவிப்பு. மறுக்க யாருக்கும் துணிவில்லை.

என்னைப் பார்க்கச் சாய்ந்தமருதிலிருந்து பெண் வீட்டார் வருவதாக இருந்தது. எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் குடியேறுவான். ஆகவே சரக்கைப் பார்வையிட அவர்கள்தான் வருவார்கள். அந்தப் பெண் என் அலுவலகத்தில்தான் வேலை செய்தாள். வேறு யாரையும் கட்டமாட்டேன் என்று உம்மாவிடம் சொல்லி, இரண்டு வேளை சாப்பிடாமலும் காட்டியிருந்தேன்.

முந்தின நாள் போய் முதல் தட்டைக் கேட்டேன்.

“ஒனக்கா? மூணாந் தட்டே கூடுதல் மனே.”

கோபத்தில், சவூதியிலிருந்து வந்திருந்த கூட்டாளியிடம் ஒரு போத்தல் ஊத் வாங்கினேன். கழுத்து, மணிக்கட்டு, சேர்ட் கொலர். நிச்சயத்துக்காக முகம் துடைக்கும் கைலேஞ்சியிலும்.

உம்மா சன்னல்களை அடைத்து ஏசி போட்டிருந்தார். வட்டிலப்பம் வருவதற்குள் பெண்ணின் வாப்பாவுக்கு மூச்சிழுப்பு தொடங்கியது. உதவ நெருங்கினேன், கூடியது. கைலேஞ்சியை நீட்டினேன், அவரை முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

“இவ்வளவு பூசுற பொடியன் என்னத்தயோ மறைக்கான். சிகரெட்டா இரிக்கும்,” என்றார் பெண்ணின் மாமா. “எழும்புங்க மச்சான், போவம்.”

அடுத்த வளவுதான் அத்தர் காக்காவின் வீடு. மணம் பிடித்து வந்துவிட்டார். என் தோளருகே ஒரு தரம் மூக்கை உறிஞ்சினார். அவமானத்துக்குத் தயாராகி நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“பிழை என்ட,” என்றார். “மூணாந் தட்டுதான் கேட்டான். நான்தான் போத்தல மாறிக் குடுத்திட்டன். பொடியன்ல குத்தமில்ல.”

பெண்ணின் வாப்பா அவருடைய பழைய வாடிக்கையாளர். இழுப்புக்கிடையிலும் நிமிர்ந்து பார்த்தார். “நீங்களுமா பிழை விடுவீங்க, காக்கா?”

“வயசு போகுதே ஹாஜியார்.”

அப்போது அவருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. வட்டிலப்பம் முற்றத்தில் பரிமாறப்பட்டது. கல்யாணத்துக்கு நாளும் குறிக்கப்பட்டது.

செய்தி பசாருக்குப் போனது. முதலில் வந்தவர் கொந்தராத்துக்காரர்தான். “எனக்கும் மாறித் தந்தீங்களோ ஆருக்குத் தெரியும்? முதலாந் தட்டையே எடுங்க.” அத்தர் காக்கா விசாரணையில்லாமல் எடுத்துக் கொடுத்தார். பிறகு எல்லாரும் தாங்களே தட்டைத் தெரிவு செய்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை குத்பாப் பிரசங்கத்தில் முன் வரிசை முழுவதும் தும்மியது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அவரிடம் பலமுறை கேட்டுப் பார்த்தேன். “ஒன்ட மாமனார் இரிக்கும் வரைக்கும் வாயத் தொறக்காத,” என்பார்.

மாமனார் சென்ற வருடம் மௌத்தாகிவிட்டார். ஆகவே இப்போது எழுதுகிறேன்: அத்தர் காக்கா ஒரு தடவைகூடப் பிழை விட்டதில்லை. எனக்கு மூன்றாந் தட்டே கூடுதல்தான்.

இதை வாசித்தால் அவர் மூக்கைச் சுருக்குவார். “அளவு கூடிப் போச்சு மனே,” என்பார்.