பொன்னுரங்கத்தின் மேல் பொன்னுரங்கம் கொடுத்த புகார்

ஒரு காட்டில் ஓர் அணு உலை இருந்தது. மான்களுக்கும் முயல்களுக்கும் எதற்கு இவ்வளவு மின்சாரம் என்று கேட்டுவிடாதீர்கள். அப்படிக் கேட்டவர்கள் எல்லாரும் பக்கத்துக் காட்டுக்கு மாற்றலாகிப் போய்விட்டார்கள்.

உலையின் நடுவில் பெரிய இரும்புக் கலன் ஒன்று. ஆறு யானைகள் துதிக்கை கோத்து நின்றால்தான் சுற்றி வளைக்க முடியும். கொதிப்பதும் கொந்தளிப்பதும் எல்லாம் அதற்குள்தான். அது உடைந்தால் அப்புறம் இந்தக் கதையைச் சொல்ல ஆள் இருக்காது, கேட்கவும் ஆள் இருக்காது. அதனால் ஆண்டுக்கு ஒரு நாள் உலையை நிறுத்தி, ஆறவைத்து, கலனைத் தட்டிப் பார்த்துச் சான்று தர ஒரு பாதுகாப்பு வாரியம் வைத்திருந்தார்கள். வாரியத்தின் ஆய்வாளர் ஒரு மரங்கொத்தி. பெயர் பொன்னுரங்கம்.

பொன்னுரங்கத்துக்குத் தன் காதைப் பற்றி ஏகப்பட்ட பெருமை. மரத்தை ஒரு தட்டுத் தட்டினால் உள்ளே இருக்கிற புழு ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுவேன் என்பார். யாரும் சரிபார்த்ததில்லை. சொன்ன கையோடு புழுவைத் தின்றுவிடுவார்.

அந்த வருஷமும் கலனைத் தட்டினார். மேலே தட்டினார், 'டங்' என்றது. நடுவில் தட்டினார், 'டங்' என்றது. குளிர்ந்த தண்ணீர் உள்ளே வரும் குழாய்க்குக் கீழே, பற்றவைத்த இடத்தில் தட்டினார். 'டொக்' என்றது. இன்னொரு தரம் தட்டினார். 'டொக்'. இரும்புக்குள் விரிசல்.

"என்ன ஆய்வாளரே, ஒரே இடத்துல நின்னுட்டீங்க?" என்று கேட்டுக்கொண்டே உலையின் மேலாளர் வந்தார். சடையாண்டி என்ற கரடி அவர். கையில் ஒரு தேனடை.

"இந்த இடத்துல சத்தம் சரியில்லை சார்."

"இரும்புக்கும் வயசாகுதில்ல? என் முட்டியிலகூடத்தான் அப்படி ஒரு சத்தம் கேக்குது. அதுக்காக என்னை நிறுத்தியா வச்சுட்டாங்க? தேன் எடுத்துக்குங்க. மலைத்தேன்."

பொன்னுரங்கம் லஞ்சம் வாங்குகிறவர் இல்லை. ஆனால் ஒருவர் அன்பாகக் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லவும் தெரியாதவர். வாயில் போட்டுக்கொண்டார். அலகு ஒட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து சடையாண்டி சான்றுப் படிவத்தை நீட்டினார்.

படிவத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன. திருப்தி. மிகவும் திருப்தி. மட்டற்ற திருப்தி. நாலாவது கட்டம் கிடையாது.

பொன்னுரங்கம் வெகுநேரம் யோசித்தார். கடைசியில் ரத்தம் கொதிக்க, இறகெல்லாம் சிலிர்க்க, வெறும் 'திருப்தி'யில் கையெழுத்துப் போட்டார். வாரியத்தின் சரித்திரத்தில் இதைவிடக் கடுமையாக யாரும் எழுதியிருக்கமாட்டார்கள் என்று அவருக்குத் தோன்றியது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் பறந்தார். அன்று இரவே உலை ஓடத் தொடங்கியது.

வீடு என்பது உலைக்கு நேர் எதிரே உள்ள புங்கமரத்தில் வாரியம் கொடுத்த பொந்து. உள்ளே அவர் மனைவி அமிர்தவல்லி மூன்று முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தாள். நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார்.

"ஏங்க, விரிசல்னு தெரிஞ்சுமா திருப்தின்னு போட்டீங்க?"

"வெறும் திருப்தி, அமிர்தம். மிகவும்கூட இல்லை. படிக்கிறவங்களுக்குப் புரியும்."

"முட்டைக்குப் புரியுமா?"

பொன்னுரங்கம் முட்டைகளைப் பார்த்தார். காட்டிலேயே கூர்மையான காது, ஆனால் தேன் பட்டதும் அலகு வேலை செய்வதை நிறுத்திவிட்டது. தன்னைப் பற்றித் தான் வைத்திருந்த நல்ல அபிப்பிராயம் பொலபொலவென்று உதிர்வதைக் கேட்டார். அதற்கும் நல்ல காதுதான் வேண்டியிருந்தது.

விடிந்ததும் வாரியத்துக்குப் போனார். வாரியத் தலைவர் கூர்மலிங்கம் ஓர் ஆமை. யார் என்ன குறை சொல்ல வந்தாலும் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்வார். அவர்கள் போன பிறகுதான் வெளியே விடுவார். இப்போதும் பாதி இழுத்துவிட்டார்.

"ஐயா, நான் தப்பாக் கையெழுத்துப் போட்டுட்டேன். கலன்ல விரிசல் இருக்கு. உலையை உடனே நிறுத்தணும்."

"திருப்தின்னு நம்ம ஆய்வாளரே எழுதிக் கொடுத்திருக்காரே. அவர் ரொம்ப நேர்மையானவராச்சே."

"அந்த ஆய்வாளர் நான்தானுங்க."

"அப்ப உங்க பேச்சை நம்பி உங்க பேச்சைத் தள்ளச் சொல்றீங்களா? விதியில அதுக்கு இடமில்லை. அந்த ஆய்வாளருக்குக் காது சரியில்லைன்னு யாராவது புகார் கொடுத்தா, அதை விசாரிக்கலாம். அதுக்கு விதி இருக்கு."

"அந்தப் புகாரை நானே கொடுக்கலாமா?"

கூர்மலிங்கம் விதிப்புத்தகத்தை முன்னும் பின்னுமாகப் புரட்டினார். "கொடுக்கக் கூடாதுன்னு எங்கேயும் போடலை."

பொன்னுரங்கம் அங்கேயே உட்கார்ந்து எழுதினார். மேற்படி பொன்னுரங்கம் என்பவர் காது மந்தமானவர், தற்பெருமை பிடித்தவர், தேனைக் கண்டால் தன்னை மறப்பவர், கட்டம் போட்ட காகிதத்தைக் கண்டால் நடுங்குபவர். இரண்டு வரியில் முடிக்கத்தான் நினைத்தார். ஒன்றரைப் பக்கம் தானாக வந்துவிட்டது. வீட்டுக்கு எடுத்துப் போய்க் காட்டினார். அமிர்தவல்லி இன்னும் ஐந்து குறைகளைச் சேர்த்துக் கொடுத்தாள். ஒன்றைக்கூட அவரால் மறுக்க முடியவில்லை.

புகாரைக் கொடுத்த பிறகு நடந்ததைப் பார்த்து அவரே வாயைப் பிளந்தார். விரிசல் என்றபோது அசையாத வாரியம், ஓர் ஊழியரின் காது கெட்டுவிட்டது என்றதும் ஓட ஆரம்பித்தது. கூர்மலிங்கமே ஓடினார். காது மருத்துவர் செவ்வந்திக்கு ஆள் போனது. அவர் ஒரு வௌவால். எதையும் பார்த்து நம்பமாட்டார், கேட்டால்தான் நம்புவார். வந்ததும் உத்தரத்தில் தலைகீழாகத் தொங்கியபடி சொன்னார்: "காதுச் சோதனைன்னா சுத்துவட்டாரத்துல எந்த இயந்திரமும் ஓடக் கூடாது. தப்பாக் கேட்டதாச் சொல்ற இரும்புலதான் சோதிக்கணும். உலையை நிறுத்துங்க."

சடையாண்டிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "தாராளமா நிறுத்தலாம் டாக்டர்! இந்த ஆளுக்குக் காது கேக்காதுன்னு ஊருக்கே தெரியட்டும்." அவர் கையாலேயே நிறுத்தினார்.

கலன் ஆறியதும் எல்லாரும் சுற்றி நின்றார்கள். "முதல்ல உங்க காதைக் காட்டுங்க" என்றார் கூர்மலிங்கம். மரங்கொத்திக்குக் காது வெளியே தெரியாது. இறகை விலக்கி ஓட்டையைக் காட்டினார். கூர்மலிங்கம் "இவ்வளவுதானா?" என்று குறித்துக்கொண்டார்.

பொன்னுரங்கம் தட்டினார். டங். டங். டொக்.

செவ்வந்தி அந்த இடத்தை நோக்கிக் கீச்சென்று ஒரு குரல் கொடுத்துவிட்டு, எதிரொலிக்குக் காதைத் திருப்பினார். அவர் முகம் மாறியது. "இவர் காதுல ஒரு குறையும் இல்லை. இங்கே என் இறக்கை நீளத்துக்கு விரிசல் ஓடுது. இன்னும் ஒரு மழைக்காலம் தாங்கியிருக்காது."

சடையாண்டி மெல்லத் தரையில் உட்கார்ந்தார். அவர் வீடும் உலைக்குப் பக்கத்தில்தான்.

கூர்மலிங்கம் தொண்டையைச் செருமினார். "காது நல்லா இருக்குதான்னு பாக்கச் சொன்னாங்க, பாத்தாச்சு. நல்லா இருக்கு. கலனைப் பத்தி இந்தச் சோதனையில யாரும் கேக்கலை."

"அப்ப உலையை ஓட்டலாமா?" என்று சடையாண்டி எழுந்தார். பயம் அவருக்கு அவ்வளவு நேரம்தான் தங்கியது.

"அது எப்படி? காது நல்லா இருக்குன்னா புகார் பொய். நேர்மையான அதிகாரி மேல பொய்ப்புகார் கொடுத்தது யாருன்னு விசாரிக்கணும். அது முடியற வரைக்கும் கலன் சாட்சிப் பொருள். யாரும் தொடக் கூடாது."

பொன்னுரங்கத்துக்கு ஒரே நாளில் இரண்டு கடிதம் வந்தது. ஒன்று, அவருடைய அபாரமான காதுக்குப் பாராட்டுப் பத்திரம். மற்றொன்று, அந்தக் காதை இழிவுபடுத்தியதற்காகத் தற்காலிகப் பணிநீக்கம். காடு இருட்டில் கிடந்தது. ஆனால் கிடந்தது. அமிர்தவல்லியின் முட்டைகள் மூன்றும் பொரிந்தன.

விசாரணை வாரம் தவறாமல் நடந்தது. புகார்தாரர் இடப்பக்கம் உட்கார வேண்டும், குற்றம் சாட்டப்பட்டவர் வலப்பக்கம். பொன்னுரங்கம் மாறி மாறிப் பறந்து பறந்து உட்கார்ந்தார். ஏழாவது வாரம் கூர்மலிங்கத்துக்கே அலுத்துவிட்டது.

"ரெண்டு பேரும் சமாதானமாப் போயிடுங்களேன். கோப்பை மூடிடலாம். சடையாண்டியும் உலையை ஓட்டிக்குவார்."

சடையாண்டி ஆவலோடு நிமிர்ந்தார்.

பொன்னுரங்கம் இடப்பக்கம் உட்கார்ந்து வலப்பக்கத்துக் காலி நாற்காலியைப் பார்த்தார். வலப்பக்கம் போய் இடப்பக்கத்தைப் பார்த்தார். பிறகு நடுவில் வந்து நின்றார்.

"முடியாதுங்க ஐயா. அந்த ஆளை எனக்குச் சுத்தமாப் பிடிக்கலை."

விசாரணை ஒத்திவைக்கப்பட்டது.

நீதி: உலையில் விரிசல் என்றால் ஒருவரும் அசையமாட்டார்கள். எனக்குத்தான் மண்டையில் விரிசல் என்று எழுதிக் கொடுங்கள். உலையை நிறுத்திவிட்டு எல்லாரும் வேடிக்கை பார்க்க வருவார்கள்.