பெல்ஃபோர்க் கவுண்டி சீல் கச்சேரிக்குப் போன கதை

பெல்ஃபோர்க் கவுண்டி ஆபீஸ்ல கம்ப்யூட்டர் படுத்துக்கிச்சுன்னா அன்னிக்கு யாருக்கும் எந்த வேலையும் நடக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துலயும் எழுதலை. ஆனா எழுதி வெச்ச சட்டத்தையெல்லாம் விட இதைத்தான் அங்கே எல்லாரும் ஒழுங்கா கடைப்பிடிச்சாங்க. ஆபீசரும் சரி, வரிசையில நிக்கிறவங்களும் சரி.

அமெரிக்காவுல கென்டக்கி மலைக்குள்ள இருக்கிற சின்னக் கவுண்டிங்க அது, நம்ம ஊர் தாலுகா மாதிரி. ரெண்டாம் நம்பர் ஜன்னல்ல, வண்டிப் பேப்பர் பார்க்கிற இடத்துல டெஸ்ஸி உட்கார்ந்திருப்பா. இருபத்திரெண்டு வயசு. சர்ச்ல பாடுற பொண்ணு. குரல்னா குரல், மலை மேல மோதித் திரும்பி வரும். அவளுக்கு மேல ஹோபர்ட் ஸ்டிடம். அவர்தான் கவுண்டி கிளார்க். கிளார்க்னதும் ஏதோ குமாஸ்தான்னு நினைச்சுக்காதீங்க, ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற பதவி. அவங்கப்பாவும் அதே நாற்காலியிலதான் இருந்தாரு. எலெக்‌ஷனுக்கு எலெக்‌ஷன் ஹோபர்ட் சம்சாரம் வீட்டுக்கு வீடு பீகன் பைன்னு ஒரு இனிப்புப் பலகாரம் கொடுப்பாங்க. ஒரு வருஷம் அந்தம்மா சர்க்கரைக்குப் பதிலா உப்பைக் கொட்டிட்டாங்க. அப்பவும் ஜெயிச்சாரே! எதிர்த்து நின்னவன் உப்புப் பைகூடக் கொடுக்கலை, அதான் காரணம். சரி, பையை விடுங்க.

அந்த ஜன்னலுக்கு ஏழு வாரமா வந்துக்கிட்டிருந்தாரு வெர்லின் காம்ப்ஸ். எழுபத்தெட்டு வயசு, சுரங்கத்துல வேலை பார்த்து ஓய்ஞ்சவரு. சம்சாரம் ஓபல் குளிர்காலத்துல தவறிட்டாங்க. வீட்டு பிக்கப் வண்டி அந்தம்மா பேர்ல இருக்கு. வாங்கின அன்னிக்கு இவரு சுரங்கத்துக்குள்ள ஷிப்ட்ல இருந்தாரு, அந்தம்மா போய்க் கையெழுத்துப் போட்டுட்டாங்க. இப்போ அதைத் தன் பேருக்கு மாத்தணும். மாத்தாம ரோட்டுல எடுத்தா போலீஸ் மறிக்குது. வண்டி முத்தத்துலயே நிக்க நிக்க, கோழியெல்லாம் டிரைவர் சீட்ல முட்டை போட ஆரம்பிச்சிடுச்சு.

"தாத்தா, ஓனரோட கையெழுத்து இல்லாம கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகாது"ன்னா டெஸ்ஸி.

"ஓனர் மலை மேல சர்ச்சுக்குப் பின்னாடி புதைஞ்சு கிடக்கா. உங்க கம்ப்யூட்டரையே போய் வாங்கிட்டு வரச் சொல்லு பாப்பா."

"இறப்புச் சான்றிதழ் கொண்டாந்தீங்களா?"

"போன வாரமே கொடுத்தேனே!"

"அது இந்த வாரம் பழசாயிடுச்சு தாத்தா."

"செத்தவ செத்தவதானே, அதுல என்ன பழசு புதுசு?"

இப்படிப் போய்க்கிட்டிருந்தப்போ ஒரு செவ்வாக்கிழமை கம்ப்யூட்டர் படுத்துக்கிச்சு. ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம், மூணு மணி நேரம். ஜனங்க முணுமுணுக்க ஆரம்பிச்சாங்க. பொதுமக்கள் நலன் கருதி டெஸ்ஸி பாட ஆரம்பிச்சா. கையில மரப்பிடி போட்ட ஆபீஸ் சீல் இருந்துச்சு. அதை மேஜையில டக் டக்னு தட்டித் தாளம் போட்டுக்கிட்டே, அப்பவே கட்டின பாட்டு:

நாற்பத்தேழாம் நம்பர்காரரே, உட்காருங்க உட்காருங்க,
வெர்லின் காம்ப்ஸ் வண்டி நிக்குது முத்தத்துல,
ஓபல் வந்து கையெழுத்துப் போட்டா ஓடுமாம்,
ஓபல் எங்கேன்னு கேட்டா மலை மேலே கை காட்டுறாரு.

வரிசையில இருந்த ஒரு அம்மா அதைப் போன்ல பிடிச்சுப் போட்டுச்சு. ஞாயித்துக்கிழமைக்குள்ள நாலு கோடிப் பேர் பார்த்தாங்க. ஆஸ்திரேலியாவுல ஒருத்தர், லாரி ஓட்டிக்கிட்டே கேட்டவரு, ஓரமா நிறுத்தி அழுதாராம். ஹோபர்ட்டே அழுதாரு. ஆபீஸ் நேரத்துல, கதவைச் சாத்திக்கிட்டு, ரெண்டு தடவை.

புதன்கிழமை, நாட்டுப்புறப் பாட்டுக்குப் பேர் போன நாஷ்வில்லிலிருந்து ட்ரெவர்னு ஒரு பையன் பாட்டுக் கம்பெனி சார்பா வந்தான். டெஸ்ஸிக்குச் சந்தோஷம் தாங்கலை. போறதுக்கு முன்னாடி வெர்லின் கையைப் பிடிச்சு, "தாத்தா, பெரிய மேடையில உங்க பேரையும் ஓபல் பாட்டி பேரையும் சொல்லித்தான் பாடுவேன். இது என் வாக்கு"ன்னா.

"வண்டி?"ன்னாரு அவரு.

"அதுவும் பாட்டுல வருது தாத்தா!"

ஹோபர்ட் அவளுக்கு நாலு மாசம் லீவு கொடுத்து, தாளத்துக்கு வேணுமேன்னு சீலையும் ஒப்படைச்சாரு. கவுண்டியில இருக்கிறதே ஒரு சீல்தான். "மேற்படி சீலானது கவுண்டியின் கலாசாரத் தூதராக அனுப்பி வைக்கப்படுகிறது"ன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டாரு. அந்தக் காகிதத்துக்கும் சீல் வெச்சுத்தான் கொடுத்தாங்க. அந்தக் கவுண்டியில அதுக்கப்புறம் எந்தக் காகிதத்துக்கும் சீல் விழலை.

நாஷ்வில்ல முதல் வேலையா அவளுக்கு நாட்டுத்தனம் இருக்கான்னு பரிசோதனை. ட்ரெவர் ஒரு படிவத்தை வெச்சுக்கிட்டுக் கேட்டான்.

"வீட்ல மாடு இருக்கா?"

"ஏசி இருக்கு."

"குதிரை?"

"கிட்டப் போனாலே தும்மல் வரும் சார்."

"நீங்க நிஜமாவே கிராமத்து ஆளுதானா?"

"அங்கேயே பொறந்து அங்கேயே வளர்ந்தேன்."

"அது மட்டும் போதாதுங்க"ன்னு வருத்தமா தலையாட்டினான்.

அவ பேச்சுல மலைவாடை குறைச்சலா இருக்குதுன்னு ஒரு டீச்சரம்மாவை வெச்சாங்க. அந்தம்மா வடக்கே பாஸ்டன் பட்டணத்துக்காரங்க. மலைக்காரங்க எப்படிப் பேசுவாங்கன்னு மலைக்காரிக்கு ஆறு வாரம் சொல்லிக் கொடுத்தாங்க. பாவம், நல்ல மனுஷி, தன் மத்தியானச் சாப்பாட்டுல பாதியை இவளுக்குக் கொடுப்பாங்க. அப்புறம் ஒரு தொப்பி, அது காது வரைக்கும் இறங்குச்சு. படம் எடுக்க ஒரு மாடு. அது ஏற்கெனவே பதினோரு பாடகிங்களோட நின்ன மாடு. கேமராவைப் பார்த்ததும் தானாவே முகத்தைப் பக்கவாட்டுல திருப்பிச்சு. டெஸ்ஸிக்குத் திருப்பத் தெரியலை. மாட்டைப் பார்த்துக் கத்துக்கச் சொன்னாங்க.

அடுத்தது பாட்டு. அந்த ஊர்ல பாட்டு எழுதுறதுன்னா அப்பாயின்ட்மென்ட் வாங்கணும். காலையில பதினோரு மணிக்கு மூணு பேர் ஒரு ரூம்ல உட்காருவாங்க. யாராரு ஒரு வார்த்தையாவது மாத்தினாங்களோ அவங்க பேரெல்லாம் பாட்டுல ஏறிடும். அதனால மாத்தாம யாரும் எழுந்திரிக்கிறதில்லை.

"கிழவர் எடுபட மாட்டாருங்க. இருபத்திநாலு வயசாக்கிடலாம்"னாரு முதல் ஆளு.

"சம்சாரம் சாக வேணாம். பக்கத்து சீட்ல உட்கார்ந்து சிரிக்கட்டும்"னாரு ரெண்டாம் ஆளு.

"வண்டி ரொம்ப அருமை. ஆனா நிக்கிற வண்டியை யாரு கேப்பாங்க? ஆத்தங்கரையில ஓடட்டும்"னாரு மூணாம் ஆளு.

டெஸ்ஸி எழுந்து நின்னுட்டா. "அந்த வண்டி ஓடலைங்கிறதுதாங்க பாட்டே!"

"அருமை! இந்த உணர்ச்சியை அப்படியே பாடும்போது கொண்டாங்க"ன்னாங்க மூணு பேரும்.

மத்த எல்லாத்துக்கும் தலையாட்டிட்டா அவ. தொப்பிக்கு ஆட்டினா, மாட்டுக்கு ஆட்டினா, மாத்தின பாட்டைப் பதிவு பண்ணவும் ஆட்டினா. ஆனா சனிக்கிழமை பெரிய மேடை, நேரடி ஒளிபரப்புன்னதும் பிடிவாதமா நின்னா. "வெர்லின் பேரைச் சொல்லித்தான் பாடுவேன். வாக்குக் கொடுத்திருக்கேன்."

வியாழக்கிழமை அவளைச் சட்டப் பிரிவுக்கு அனுப்பினாங்க. பிரிச்சர்ட் அம்மான்னு ஒருத்தங்க, கண்ணாடிக்கு மேல பார்த்தாங்க. "உயிரோட இருக்கிற ஆளு பேரைப் பாடணும்னா அவரோட ஒப்புதல் வேணும். அதுல அவரோட கவுண்டி சீல் வேணும்."

"சீல் இதோ இருக்கு."

"அப்ப வெச்சிடுங்களேன்."

"நான் லீவுல இருக்கேம்மா. லீவுல இருக்கிறவ வெச்சா செல்லாது. அதுவும் இல்லாம கம்ப்யூட்டர்ல ஏத்தாம எப்படி வெக்கிறது?"

"பொறுங்க"ன்னு சொல்லிட்டு அந்தம்மா பெல்ஃபோர்க் கவுண்டி விதிப் புத்தகத்தை எடுத்தாங்க. அதை உலகத்துலயே முதல் தடவையா ஒருத்தர் படிச்சாங்க. "பதினாலாவது விதி. கம்ப்யூட்டர் ஒரு மணி நேரத்துக்கு மேல இயங்கலைன்னா, ஜன்னல்ல இருக்கிற ஊழியர் கைப்படிவத்துல சீல் வெச்சாலே போதும். கம்ப்யூட்டர் கேட்கிற கேள்வி எதையும் கேட்க வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரியாதா?"

டெஸ்ஸி போனை எடுத்துத் தன் வீடியோவைப் போட்டா. இத்தனை நாளும் தன் முகத்தை மட்டும்தான் பார்த்திருந்தா, இப்போ கையைப் பார்த்தா. மூணு மணி நேரமா கம்ப்யூட்டர் படுத்திருந்த நாள் அது. மேஜை மேல வெர்லினோட காகிதம் விரிஞ்சு கிடக்குது. அதுக்கு ரெண்டு விரக்கடை தள்ளி, வெறும் மேஜையில, சீல் விழுது. டக். டக். எண்ணிப் பார்த்தா. அறுபத்திரெண்டு தடவை. நாலு கோடிப் பேர் பார்த்திருக்காங்க, ஒருத்தராவது "ஏம்மா, கொஞ்சம் தள்ளித் தட்டேன்"னு சொல்லலையே!

வெள்ளிக்கிழமை காலையில வண்டியைக் கிளப்பி ஊருக்குப் போய்ட்டா.

ஆபீஸ்ல கால் வைக்க இடமில்லை. வாசல்ல பெரிய போர்டு: "கலாசார நேரம், காலை 11 முதல் 1 வரை." கம்ப்யூட்டர் படுத்துக்கிறதைப் பார்க்கவே டூரிஸ்ட் பஸ் வருதாம். அது நினைச்சப்போ படுக்குது, நினைச்சப்போ எழுந்திரிக்குது, ஒரு ஒழுங்கு வேணாமான்னு ஹோபர்ட் தினம் ரெண்டு மணி நேரம் வயரைப் பிடுங்கி வெச்சிட்டாரு. ஸ்பீக்கர்ல பாட்டு ஓடுது. ஆத்தங்கரை, இருபத்திநாலு வயசு.

"ஹோபர்ட் சார், என்னை உள்ளே விடுங்க!"

"நீ லீவுல இருக்கேம்மா. இப்ப நீ பொதுமக்கள். டோக்கன் எடு."

எடுத்தா. நாற்பத்தேழு. வரிசையில நின்னவ பழைய பாட்டை மெதுவா முணுமுணுத்தா. பின்னாடி நின்ன அம்மா முதுகுல தட்டுச்சு. "தெரியலைன்னா சும்மா இரும்மா. வார்த்தையெல்லாம் தப்புத் தப்பா பாடுறே."

அவளுக்கு முன்னாடி நாற்பத்தாறாம் நம்பர் வெர்லின் காம்ப்ஸ். தன் தொப்பியைத் தூக்கிவிட்டு அவளைப் பார்த்தாரு. "வந்துட்டியா பாப்பா. பாட்டு நல்லா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. என்னைக் கட்டிப் பிடிச்சு அழறாங்க. ஒருத்தி ஓஹையோவிலிருந்து வந்து கோழிக்கூட்டுலயே போட்டோ எடுத்துக்கிட்டா."

டெஸ்ஸி கடிகாரத்தைப் பார்த்தா, வயரைப் பிடுங்கி ஒரு மணி நேரம் தாண்டியாச்சு. ஒரே தாவா ஜன்னலைத் தாண்டிக் குதிச்சா. கைப்படிவத்துலயே முதல்ல தன் லீவு ரத்துக்கு ஒண்ணு எழுதி டக்னு வெச்சா. "பதினாலாவது விதி சார்"னதும் ஹோபர்ட் புத்தகத்தைத் தேடப் போனாரு. அது எங்கே இருக்குதுன்னு அவருக்குத் தெரியாது, இன்னும் தேடுறாரு. அப்புறம் வெர்லினோட வண்டிப் பேப்பர். டக்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது தாத்தா. இந்த ஒப்புதல்லயும் கையெழுத்துப் போட்டீங்கன்னா நாளைக்கு மேடையில உங்க பேரைப் பாடிடுவேன்."

அவரு காகிதத்தைப் பார்த்தாரு, அவளைப் பார்த்தாரு. "போடுறேன். ஆனா சீல் திரும்பவும் உன்கூட நாஷ்வில் போயிடுமா?"

அவ வரிசையைப் பார்த்தா. மாசக்கணக்கா தேங்கின காகிதம், வாசல் தாண்டி ரோடு வரைக்கும் நிக்குது. ஒப்புதலை மடிச்சுப் பைக்குள்ள வெச்சிட்டு, "அடுத்து யாரு?"ன்னா.

சனிக்கிழமை மேடையில வேற ஒரு பொண்ணு பாடிச்சு. தொப்பி அதுக்குச் சரியா இருந்துச்சு. மாடும் பழகின மாடுதானே.

வெர்லின் கோழியை இறக்கிவிட்டுட்டு, சீட்டைத் துடைச்சு, வெள்ளிக்கிழமை சாயங்காலமே ஓபலைப் பார்க்க சர்ச்சுக்கு ஓட்டிக்கிட்டுப் போனாரு. டெஸ்ஸி பக்கத்து சீட்ல உட்கார்ந்து, வழியெல்லாம் அவர் பேரைச் சொல்லிப் பாடிக்கிட்டே போனா. வாக்குல பாதி.

வரிசையில நின்னவங்கதான் பொங்கிட்டாங்க. "நாள் முழுக்க லீவு போட்டுட்டு வந்தோம், ரெண்டே நிமிஷத்துல அனுப்பிட்டா! பாட்டு இல்லை, ஒண்ணு இல்லை. சாயங்காலம் வரைக்கும் நாங்க என்ன பண்றது?" ஹோபர்ட்டுக்கு அன்னிக்கே முப்பத்தொரு புகார் வந்துச்சு. அத்தனைக்கும் டெஸ்ஸிதான் சீல் வெச்சா.

அவ வெர்லின் பேப்பர்ல சீல் வெச்சதையும் ஒருத்தர் போன்ல பிடிச்சுப் போட்டிருந்தாரு. இதுவரைக்கும் பதினோரு பேர் பார்த்திருக்காங்க. அதுல ஒன்பது பேர் வெர்லின்.